பட்டறை பதில்கள்: சின்ன காரில் எது?

2025 செப்டம்பர் 22 அன்று சின்ன பெட்ரோல் கார்களுக்கான வரி 29 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியது. அதிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பைக்கைப் பற்றிக் கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். பெரும்பாலோர் கேட்பது வீட்டுக்கு வாங்கப்போகும் முதல் காரைப் பற்றி. அதனால் இந்த இதழ் முழுக்கச் சின்ன கார்களுக்கே. எல்லாக் கணக்கிலும் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்திருக்கிறேன். உங்கள் ஊர் விலைக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். தினமும் போக வர 16 கிலோமீட்டர். மாதம் ஒரு முறை குடும்பத்தோடு தூத்துக்குடியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போவோம். கணவர், ஆறு வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு பிள்ளைகள், மூட்டு வலி உள்ள மாமியார். எங்கள் தெரு பத்தடி அகலம். வேகன்ஆர், செலேரியோ, டியாகோ, ஸ்விஃப்ட் நான்கையும் பார்த்து வைத்திருக்கிறோம். செலேரியோதான் மைலேஜ் அதிகம் என்கிறான் தம்பி. அதையே வாங்கிவிடலாமா?
— ஆசிரியை, மதுரை

டீச்சர், உங்கள் தம்பி சொல்வது காகிதத்தில் சரிதான். கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத செலேரியோ ஏஎம்டியில் ஒரு வேரியண்டுக்கு லிட்டருக்கு 26.68 கி.மீ. என்று போட்டிருக்கிறார்கள். ஸ்விஃப்ட் மேனுவலுக்கு 24.8, வேகன்ஆர் 1 லிட்டர் மேனுவலுக்கு 24.35. டியாகோ 20ஐ ஒட்டி நிற்கிறது. ஆனால் ஊருக்குள்ளும் ஹைவேயிலும் கலந்து ஓட்டும் குடும்பங்கள் என் பட்டறையில் வந்து சொல்வது வேறு. மாருதி மூன்றும் 18லிருந்து 20 வரை வரும். டியாகோ 16, 17.

இப்போது உங்கள் ஓட்டத்தைப் பார்ப்போம். பள்ளிக்கு 400, தூத்துக்குடிக்கு 280, ஆக மாதம் 700 கி.மீ. பக்கம். லிட்டருக்கு 20 கொடுத்தால் 35 லிட்டர். 17 கொடுத்தால் 41 லிட்டர். வித்தியாசம் 600 ரூபாய். சின்னத் தொகை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஐந்து பேர் பத்து வருடம் ஏறி இறங்கப்போகும் வண்டியை இந்த 600 ரூபாய் மட்டும் தீர்மானிக்க விடாதீர்கள். உங்கள் வீட்டுக்கு முதல் கேள்வி மாமியாரின் முழங்கால். அடுத்தது தூத்துக்குடி ரோடு.

முழங்காலை எடுத்துக்கொள்வோம். வேகன்ஆரின் உயரம் 1675 மில்லிமீட்டர். செலேரியோ 1555, டியாகோ 1535, ஸ்விஃப்ட் 1520. வண்டி உயரமானால் சீட்டும் உயரும். வேகன்ஆர் சீட் நின்றவாக்கில் இடுப்பை வைக்கும் உயரத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். மற்ற மூன்றிலும் இறங்கித்தான் உட்கார வேண்டும். ஏறுவதைவிட இறங்குவதுதான் மூட்டு வலிக்காரர்களுக்குக் கஷ்டம். உட்காரும்போது உடம்பு தானாக விழுந்துவிடும், எழும்போது முழங்கால்தான் தூக்கியாக வேண்டும். 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தபோது அதன் உயரத்தைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் உண்டு. அந்த வண்டியைக் கடைசி வரை விடாமல் வைத்திருந்தவர்களில் என் வாடிக்கையாளர்களின் அப்பா, அம்மாக்கள் நிறைய. காரணம் இந்த உயரம்தான்.

ஆகவே மாமியாரை ஷோரூமுக்குக் கூட்டிப் போங்கள். பின் சீட்டில், அவர் வழக்கமாக உட்காரப்போகும் பக்கத்தில், முதலில் இடுப்பை வைத்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பச் சொல்லுங்கள். பத்து நிமிஷம் உட்கார வைத்து, கைத்தாங்கல் இல்லாமல் இறங்கச் சொல்லுங்கள். அதை நான்கு வண்டியிலும் செய்து பாருங்கள். விற்பனைப் பையன் அவசரப்படுத்தினால் படுத்தட்டும்.

அடுத்தது ரோடு. இங்கே வேகன்ஆர் பின்தங்குகிறது. 2023இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் அதற்குக் கிடைத்தது ஒரே ஒரு நட்சத்திரம். வண்டிக்கூடு உறுதியற்றது என்றும் எழுதினார்கள். அது இரண்டு ஏர்பேக் இருந்த வண்டி. 2025இல் ஆறு ஏர்பேக் எல்லா வேரியண்டுக்கும் வந்துவிட்டது, நல்லது. ஆனால் ஏர்பேக் கூட்டியதால் கூட்டின் உறுதி கூடிவிடாது. டியாகோ 2020இல், அன்றைய விதிமுறைப்படி, பெரியவர்கள் பாதுகாப்புக்கு நான்கு நட்சத்திரம் வாங்கியது. அதன் பிறகு சோதனை விதிகள் கடுமையாகிவிட்டன, அதனால் இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பது முழுக்க நியாயமில்லை. இருந்தாலும் மாதாமாதம் நான்கு வழிச் சாலையில் லாரிகளுக்கு நடுவே பிள்ளைகளோடு போகிறவருக்கு நான் டியாகோவைத்தான் முதலில் காட்டுவேன். வேகன்ஆரைவிட நூறு கிலோவுக்கு மேல் கனம். 80, 90இல் போகும்போது வண்டி தரையைப் பிடித்துக்கொண்டு போவதை நீங்களே உணர்வீர்கள். அந்த 600 ரூபாயின் ஒரு பகுதி இந்தக் கனத்துக்குத்தான் போகிறது.

பத்தடி தெருவுக்கு ஸ்விஃப்ட் கொஞ்சம் அகலம், 1735 மில்லிமீட்டர். வேகன்ஆர் 1620, செலேரியோ 1655, டியாகோ 1677. நேராகப் போவதில் இந்த வித்தியாசம் தெரியாது. எதிர் வீட்டு வாசலில் பைக் நிற்கும்போது உங்கள் கேட்டுக்குள் திருப்பினால் தெரியும். டெஸ்ட் டிரைவை ஷோரூம் வாசலில் முடித்துவிடாமல் உங்கள் தெருவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், கொண்டுவருவார்கள். டிக்கியில் வேகன்ஆர் 341 லிட்டர், டியாகோ 242. ஊரிலிருந்து அரிசிச் சிப்பமும் தேங்காய் மூட்டையும் ஏற்றி வரும் வீடு என்றால் அந்த நூறு லிட்டர் பெரிய விஷயம்.

என் முடிவு இது. மாமியார் சிரமமில்லாமல் ஏறி இறங்கினால் டியாகோ. முடியவில்லை என்றால் வேகன்ஆர், ஆனால் 1.2 லிட்டர் எஞ்சின் உள்ளதை வாங்குங்கள். 1 லிட்டர் எஞ்சின் 67 குதிரைத்திறன்தான். ஐந்து பேரும் ஏசியும் சேர்ந்தால் லாரியை முந்தும்போது திணறும். 1.2இல் 90. வேகம் 80ஐத் தாண்ட வேண்டாம். எந்த வண்டியானாலும் பின் சீட்டிலும் பெல்ட் போடுங்கள், மாமியாருக்கும் சேர்த்து. ஆறு வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்கள் பெல்ட் கழுத்தில் வரும், அது ஆபத்து. பூஸ்டர் சீட் ஒன்றை வண்டியோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். சீட் கவருக்கும் கால்மிதிக்கும் கொடுக்கும் காசை முதலில் அதற்குக் கொடுங்கள்.

புது கார் வாங்கி நாலு மாதம் ஆகிறது. கம்பெனி 24க்கு மேல் சொன்னது. எனக்கு 14தான் வருகிறது. வேளச்சேரியில் வீடு, கிண்டியில் ஆபீஸ். வண்டியில் கோளாறா, என்னை ஏமாற்றிவிட்டார்களா?
— ஐ.டி. ஊழியர், சென்னை

தம்பி, அந்த 24 எங்கே எடுத்தது என்று தெரிந்தால் பாதிக் கோபம் போய்விடும். ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் வண்டியை ஏற்றி, வகுத்து வைத்த ஓர் ஓட்ட முறைப்படி ஓட்டி எடுப்பது. அதிகபட்ச வேகம் 90. ஏசி கிடையாது. பள்ளம், மேடு, வேளச்சேரி மழைத் தண்ணீர் எதுவும் கிடையாது. எல்லாக் கம்பெனிக்கும் அதே சோதனை என்பதால் ஒரு வண்டியை இன்னொன்றோடு ஒப்பிட அந்த எண் உதவும். உங்கள் பர்ஸுக்கு அது பதில் சொல்லாது.

உங்கள் ஓட்டம் எஞ்சினுக்கு மிகக் கெட்ட ஓட்டம். ஐந்தாறு கிலோமீட்டரில் எஞ்சின் சூடேறி முடிவதற்குள் ஆபீஸ் வந்துவிடுகிறது. குளிர்ந்த எஞ்சின் பெட்ரோலைக் கூடுதலாக வாங்கும். அதன்மேல் சிக்னலில் நின்றபடி ஏசி. இந்த ஓட்டத்துக்கு 14 வந்தால் வண்டியில் கோளாறு என்று சொல்ல மாட்டேன்.

முதலில் சரியாக அளந்து பாருங்கள். மீட்டரில் காட்டும் எண்ணை விடுங்கள். ஒரே பெட்ரோல் பங்கில், ஒரே இடத்தில் நிறுத்தி, துப்பாக்கி தானாக நிற்கும் வரை நிரப்புங்கள். அதற்கு மேல் அமுக்கி ஊற்றச் சொல்லாதீர்கள். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி 300 கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு அதே பங்கில் அதே போல நிரப்புங்கள். ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உங்கள் மைலேஜ். நூறு ரூபாய்க்கும் இருநூறு ரூபாய்க்கும் போட்டுக்கொண்டு கணக்குப் பார்த்தால் எதுவும் சரியாக வராது.

அப்புறம் டயர் காற்று. டிரைவர் கதவைத் திறந்தால் பக்கச் சட்டத்தில் ஸ்டிக்கர் இருக்கும், அதில் உள்ள அளவுதான். காலையில் டயர் சூடாவதற்கு முன் பிடியுங்கள். நாலு மாதமாக நீங்கள் காற்றே பார்க்கவில்லை என்று பந்தயம் கட்டுவேன். ஓட்டி வந்து நிறுத்தியதும் நான்கு வீல் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அந்த வீலில் பிரேக் பிடித்தபடி ஓடுகிறது. அது உண்மையான கோளாறு, உடனே சர்வீஸில் காட்டுங்கள்.

இ20 பெட்ரோலால்தான் எல்லாம் என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு என்பது உண்மை. 20 சதவீதம் கலந்தால் சுத்த பெட்ரோலைவிட 6, 7 சதவீதம் குறையும். 18 வரவேண்டியது 17 ஆகும். 24ஐ 14 ஆக்கும் சக்தி அதற்கு இல்லை.

என்னிடம் 2019 மாடல் சின்ன கார் இருக்கிறது. 18 மைலேஜ் தருகிறது, தொந்தரவு இல்லை. மாதம் 1000 கி.மீ. ஓட்டுகிறேன். வரி குறைந்திருப்பதால் 25 தரும் புது வண்டிக்கு மாறினால் லாபமா?
— மருந்து விற்பனைப் பிரதிநிதி, திண்டுக்கல்

லாபமில்லை. 25 என்று போட்ட வண்டி உங்கள் கையில் 21 கொடுக்கும் என்று வைப்போம். இப்போது மாதம் 55 லிட்டர், அப்போது 48 லிட்டர். மிச்சம் ஏறத்தாழ 800 ரூபாய், வருடத்துக்குப் பத்தாயிரத்துக்குள். ஆறு லட்ச ரூபாய் வண்டிக்கு நம் மாநிலத்தில் சாலை வரி மட்டும் 13 சதவீதம், 78,000 ரூபாய். அந்த ஒன்றை மீட்கவே எட்டு வருடம். வண்டி விலை, வட்டி, இன்ஷூரன்ஸ் எல்லாம் இன்னும் தொடவே இல்லை.

மைலேஜ் ஏற ஏற மிச்சம் சுருங்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பழைய ஜீப்பில் 10 வாங்கிக்கொண்டிருப்பவர் 13க்கு மாறினால் அதே 1000 கி.மீ.க்கு 23 லிட்டர் மிச்சம். 22லிருந்து 25க்கு மாறுபவருக்கும் அதே மூன்று கிலோமீட்டர்தான் கூடுதல், ஆனால் மிச்சம் ஐந்தரை லிட்டர். தொந்தரவில்லாத வண்டியை விற்காதீர்கள். டயரையும் பேட்டரியையும் பார்த்து வையுங்கள், இன்னும் ஐந்து வருடம் ஓடும்.

பணி ஓய்வு பெற்றவன். நானும் மனைவியும்தான். கோயில், ஆஸ்பத்திரி, மகள் வீடு என்று மாதம் 300 கி.மீ. ஓட்டுவேன். சி.என்.ஜி. எடுத்தால் செலவு பாதி என்கிறார் ஷோரூமில். எடுக்கலாமா?
— ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், காரைக்குடி

ஐயா, அவர் சொன்ன பாதி கொஞ்சம் கூடுதல், கிலோமீட்டர் கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம். பெட்ரோலில் லிட்டருக்கு 18 வந்தால் கிலோமீட்டருக்கு 5.55 ரூபாய். கேஸ் கிலோ 90 ரூபாய் என்றும், ஒரு கிலோவுக்கு 26 கி.மீ. என்றும் வைத்தால் 3.45. மிச்சம் 2.10. உங்கள் 300 கிலோமீட்டருக்கு மாதம் 630 ரூபாய். கேஸ் வண்டிக்குக் கூடுதலாகக் கேட்கும் விலை 90,000ஐ ஒட்டி இருக்கும். மீட்டெடுக்கப் பன்னிரண்டு வருடம். மாதம் 1500 கி.மீ. ஓட்டுகிறவருக்கு அதே பணம் இரண்டரை வருடத்துக்குள் வந்துவிடும். சி.என்.ஜி. அவருக்கானது.

பணத்தைத் தவிரவும் இருக்கிறது. வேகன்ஆர் போன்ற வண்டியில் சிலிண்டர் டிக்கியை அடைத்துக்கொள்ளும், மகள் வீட்டுக்கு இரண்டு பெட்டி கொண்டுபோக முடியாது. டியாகோவிலும் ஐ10 நியாஸிலும் சிலிண்டரை இரண்டு சின்னதாகப் பிரித்துக் கீழே படுக்க வைத்திருக்கிறார்கள், அது நல்ல யோசனை. சிலிண்டரை மூன்று வருடத்துக்கு ஒரு முறை அழுத்தச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். பங்கில் வரிசையில் நிற்க வேண்டும், நிரப்பும்போது எல்லோரும் வண்டியை விட்டு இறங்க வேண்டும். இந்த வயதில் வீட்டம்மாவை வெயிலில் நிறுத்தி மாதம் 630 ரூபாய் மிச்சம் பிடிக்க வேண்டாம். பெட்ரோல் வண்டியே எடுங்கள். அந்த 90,000த்தை பேங்கில் போட்டால் வரும் வட்டி உங்கள் பெட்ரோல் செலவில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டிவிடும், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தாண்டிக்குடியில் காப்பித் தோட்டம். வத்தலக்குண்டுக்கு வாரம் இரண்டு முறை இறங்கி ஏற வேண்டும். கிளட்ச் மிதித்துக் கால் வலிக்கிறது. ஏஎம்டி மலைக்கு ஒத்துவருமா? எஞ்சின் 1 லிட்டர் போதுமா?
— விவசாயி, தாண்டிக்குடி

ஒத்துவரும், ஆனால் அதன் குணம் தெரிந்து ஓட்ட வேண்டும். ஏஎம்டி என்பது மேனுவல் பெட்டியேதான். கிளட்ச்சை உங்கள் காலுக்குப் பதில் ஒரு மோட்டார் மிதிக்கிறது. நம் நாட்டில் அது முதலில் வந்தது 2014இல், செலேரியோவில். கொண்டை ஊசி வளைவில் நீங்கள் எதிர்பார்க்காத நேரத்தில் கியர் மாற்றி ஒரு நொடி இழுக்காமல் நிற்கும். அதனால் ஏற்றத்தில் மேனுவல் முறைக்குத் தள்ளி, இரண்டாவது கியரிலேயே பிடித்து வையுங்கள். ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்ஸிலேட்டரை லேசாக அமுக்கி வண்டியைத் தாங்கிப் பிடிக்கவே கூடாது. கிளட்ச் கருகிவிடும். பிரேக்கில் நிறுத்துங்கள். ஏற்றத்தில் பிரேக்கை விட்டதும் வண்டி பின்னால் உருளாமல் சில நொடி பிடித்துக்கொள்ளும் ஹில் ஹோல்டு உள்ள வேரியண்டாகப் பார்த்து வாங்குங்கள்.

1 லிட்டர் போதாது. மாருதியின் 1 லிட்டரில் இழுவை 89 நியூட்டன் மீட்டர். டியாகோவிலும் ஐ10 நியாஸிலும் 113, 114. மூட்டை ஏற்றி மலை ஏறும்போது இந்த இடைவெளி ஒரு கியர் வித்தியாசமாகத் தெரியும். 1 லிட்டர் வண்டியை முதல் கியரில் கத்தவிட்டு ஏற்றினால் அது பெட்ரோலையும் கூடுதலாகத்தான் குடிக்கும்.

இறங்கும்போது நியூட்ரலில் உருட்டி மைலேஜ் சேர்ப்பவர்கள் உங்கள் பக்கம் அதிகம். தயவுசெய்து செய்யாதீர்கள். இப்போதைய எஞ்சின்களில் கியரில் வைத்துக் காலை எடுத்தால் பெட்ரோல் போவதே நின்றுவிடும், வண்டியின் ஓட்டமே எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் போகும். எஞ்சின் பிடிமானமும் போய், பிரேக் சூடேறி, கடைசி வளைவில் பிடிக்காமல் போகும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

2015 மாடல் ஸ்விஃப்ட் டீசல், 1,30,000 கி.மீ. ஓடியது, விலைக்கு வருகிறது. 20க்கு மேல் கொடுக்கும் என்கிறார்கள். கடைக்கும் வீட்டுக்கும்தான் ஓட்டம். வாங்கலாமா?
— பலசரக்கு வியாபாரி, சிவகங்கை

வேண்டாம். அந்த 1.3 லிட்டர் டீசல் எஞ்சின் அருமையானது, ஹைவேயில் 20க்கு மேல் கொடுப்பதும் நிஜம். ஆனால் டர்போ, இன்ஜெக்டர், கிளட்ச் இவற்றில் ஏதாவது ஒன்று இந்த ஓட்டத்தில் கை நீட்டும், ஒரே பில்லில் உங்கள் இரண்டு வருட பெட்ரோல் மிச்சம் போய்விடும். 2020 ஏப்ரலோடு மாருதி டீசலையே விட்டுவிட்டது. கடைக்கும் வீட்டுக்கும் போக அதே காசில் பெட்ரோல் வண்டி, ஓட்டம் குறைந்ததாகத் தேடுங்கள்.

டிரைவிங் ஸ்கூலில் படித்து லைசென்ஸ் வாங்கிவிட்டேன். என் உயரம் நாலடி பத்தங்குலம். ஸ்கூல் வண்டியில் முதுகுக்கும் கீழேயும் தலையணை வைத்துத்தான் ஓட்டினேன். எனக்கு எந்தச் சின்ன கார் சரிப்படும்?
— வாசகி, திருநெல்வேலி

தங்கச்சி, தலையணையை முதலில் தூக்கி எறியுங்கள். சட்டென்று பிரேக் போட்டால் அது நழுவும், நீங்களும் பெல்ட்டுக்குக் கீழே நழுவுவீர்கள். உங்களுக்குத் தேவை டிரைவர் சீட்டை உயர்த்தும் லீவர். பெரும்பாலும் கம்பெனிகள் அதை மேல் வேரியண்டில்தான் வைக்கின்றன, அடிமட்ட வேரியண்டில் பொதுவாக இருக்காது. மாடலைப் பற்றி யோசிப்பதற்கு முன் இந்த லீவர் எந்த வேரியண்டில் இருக்கிறது என்று கேளுங்கள். அலாய் வீலுக்கும் பெரிய திரைக்கும் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுங்கள்.

ஷோரூமில் இப்படிப் பாருங்கள். கிளட்ச்சைத் தரை வரை மிதித்த நிலையில் முழங்கால் கொஞ்சம் மடங்கி இருக்க வேண்டும். ஸ்டியரிங் நடுவுக்கும் உங்கள் மார்புக்கும் நடுவே பத்து அங்குலம் இடைவெளி வேண்டும், ஏர்பேக் விரிய அந்த இடம் தேவை. பெடலுக்காக முன்னே தள்ளினால் இந்த இடைவெளி குறைகிறதா? சீட் முதுகைக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். அப்படியும் வரவில்லை என்றால் அந்த வண்டி உங்களுக்கானது இல்லை, அடுத்ததில் ஏறுங்கள். ஏஎம்டி எடுத்தால் இடது கால் பிரச்சினையே இல்லை, சீட்டைப் பின்னே வைக்கலாம். வேகன்ஆரில் சீட்டும் கண்ணாடியும் உயரம், ரோடு நன்றாகத் தெரியும். நியாஸில் பெடலும் ஸ்டியரிங்கும் லேசு. இரண்டிலும் உட்கார்ந்து பாருங்கள். வெயில் நேரத்தில், நீங்கள் வழக்கமாகப் போடும் செருப்போடு போங்கள். ஷோரூம்காரரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்காராமல், நீங்களே ஜங்ஷன் பக்கம் ஒரு சுற்று ஓட்டிவிட்டு எனக்கு எழுதுங்கள்.